திரு. ஸ்ரீ விநாயகர் துணை அவர்கள்

ஒரு வீட்டில் எதையாவது முதன்முதலாகக் கற்றுக்கொண்டு வருகிறவரை நம்பவே கூடாது. தையல் கற்று வந்த பெண், நன்றாக இருக்கிற ஜாக்கெட்டைப் பிரித்துப் போடுவாள். ஜோசியம் கற்று வந்த பையன், நல்லபடியாக முடியப்போகிற கல்யாணத்தை நிறுத்துவான். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தது நான்.

எண்பதுகளின் கடைசி. பி.காம். முடித்துவிட்டு, நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏ.சி. குளிரும். எங்கள் சார் ஒவ்வொரு பெட்டியாகத் துணியை நீக்கித் திறப்பதைப் பார்த்தால் நடை திறப்பது போலவே இருக்கும். (கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.) அங்கே ‘வேர்டு ஸ்டார்’ என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். கடிதம் அடிக்கலாம், அடித்ததை அழிக்கலாம், ஒரே கடிதத்தை ஊருக்கெல்லாம் பேர் மாற்றி அனுப்பலாம். இதைக் கற்ற நாளிலிருந்து நான் வீட்டில் யாருடனும் சாதாரணமாகப் பேசுவதை விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நெருங்கின சொந்தத்துக்கு அப்பாவும் அம்மாவும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டார்கள். தூரத்துச் சொந்தம், எங்கள் கோழிப் பண்ணைக்குத் தீவனம் தருகிறவர்கள், முட்டை லாரிக்காரர்கள் ஆகியோருக்குத் தபால். இரண்டிலும் சேராமல் நடுவில் ஒருவர் நின்றார். அவர்தான் பெரியப்பா.

அப்பாவின் ஒரே அண்ணன் அர்த்தனாரி. கிணற்றுத் தண்ணீர் முறையில் ஆரம்பித்த சண்டை, பாகப் பிரிவினையில் முடிந்து, அவர் ராசிபுரம் பக்கம் மேட்டுத்தோட்டம் என்று ஒரு நிலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைக்கூடப் பிரித்தார்கள். தாத்தா கும்பிட்ட வெண்கலப் பிள்ளையாரை மட்டும் பிரிக்க முடியவில்லை; அவர் மூத்த பிள்ளையோடு போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது நின்ற பேச்சு, கல்லூரி முடித்தும் ஆரம்பிக்கவில்லை.

அப்பாவுக்கு அண்ணன் வர வேண்டும். ஆனால் அழைக்கப் போகமாட்டார்.

“பங்காளிக்குத் தபால்ல பத்திரிக்கை போடுவாங்களா? ஏனுங்க, ஊரு சிரிக்காதுங்களா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“அவரு ஊட்டு வாசப்படிய நா மிதிக்க மாட்டேன், ஆமா,” என்றார் அப்பா. அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, “செல்வி கழுத்துல தாலி ஏறும்போது எங்கண்ணன் இல்லாட்டி அது என்ன கல்யாணம்?” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

அங்கேதான் நான் புகுந்தேன். “அப்பா, நான் கம்ப்யூட்டர்ல எல்லாருக்கும் அட்ரஸ் சீட்டு அடிச்சுத் தாரேனுங்க. பின்னாடி பசை இருக்கும், உரிச்சு ஒட்டுனாப் போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். பெரீப்பாவுக்கு மட்டும் தபால்ல வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாதுங்க.”

அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. “மொத சீட்டு அண்ணனுக்கு அடி, சாமி,” என்றார்.

இப்போது நான் செய்த கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஆளின் பேர், அவர் ஊர், அடுத்த ஆளின் பேர், அவர் ஊர் என்று வரிசையாக அடித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. சாரும் அப்படித்தான் அடிக்கச் சொன்னார். ஆனால் பேர்களை மேலிருந்து கீழாக ஒரு பத்தியாகவும் ஊர்களை ஒரு பத்தியாகவும் தனித்தனியாக அடித்து, ஒரு பத்தியை அப்படியே தூக்கி இன்னொன்றின் பக்கத்தில் வைக்கும் வித்தையை அந்த வாரம்தான் கற்றிருந்தேன். கற்ற வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா?

பேர்ப் பட்டியலை அப்பா சொல்லச் சொல்ல வீட்டில் எழுதினேன். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே பிள்ளையார் இல்லாமல் ஆரம்பிக்க விடமாட்டார்கள். “மேல போட்டியா?” என்று அப்பா கேட்டார். போட்டேன். ஊர்ப் பட்டியலை இன்னொரு நாள் அம்மாவிடம் கேட்டு அவசரத்தில் ஒரு கிழிந்த தாளில் எழுதினேன். அதில் போடவில்லை. அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டு ஊர் சொன்ன அம்மாவும் கேட்கவில்லை.

சேலத்துக்குப் போய் இரண்டையும் பார்த்துப் பார்த்து, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். பேர்ப் பத்தியில் முதல் வரி ‘ஸ்ரீ விநாயகர் துணை’. பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேருக்கு முன்னால் ‘திரு’வும் பின்னால் ‘அவர்கள்’ என்பதும் தானாக விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். பிரிண்டர் கர்ர் கர்ர் என்று சீட்டுகளைத் துப்ப ஆரம்பித்தபோது எனக்கு வந்த கர்வம், பிற்பாடு பிள்ளை பெற்றபோதுகூட வரவில்லை.

பிள்ளையாரைக் கம்ப்யூட்டர் ஒரு விருந்தாளியாக எடுத்துக்கொண்டது. பெரியப்பாவின் மேட்டுத்தோட்டத்தை அவருக்குக் கொடுத்துவிட்டது. பெரியப்பாவை எடப்பாடிக்கு அனுப்பியது. எடப்பாடிக்காரரை இளம்பிள்ளைக்கு, இளம்பிள்ளைக்காரரை சங்ககிரிக்கு என்று மொத்தச் சொந்தத்தையும் ஒரு ஊர் தள்ளிக் குடிவைத்துவிட்டது. பட்டியலில் கடைசி ஆளான பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துவுக்கு ஊரே மிஞ்சவில்லை. அவர் சீட்டில் பேர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஊர் எதற்கு என்று கம்ப்யூட்டருக்கே தெரிந்திருக்கிறதே!’ (பி.காம். முதல் வகுப்பு.)

சீட்டு ஒட்டியது ஒரு திருவிழா. வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நானோ உரிப்பது எப்படி என்று விளக்குவதில் மும்முரமாக இருந்தேன். அம்மா பழக்கத்தில் சீட்டை நாக்கில் தொட்டு, பசை ஒட்டி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முதல் சீட்டை அப்பாவே கேட்டு வாங்கினார்.

“இது அண்ணனுதுதானே, கண்ணு?”

“ஆமாங்கப்பா. மொத சீட்டு.”

கவரின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, சீட்டைக் கோணாமல் ஒட்டி, உள்ளங்கையால் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது, இளம்பிள்ளையில் சேலை எடுக்கப் போன இடத்தில் அம்மாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், “கல்யாணம்னாங்க, எங்களுக்குப் பத்திரிக்கையே வரலீங்களே,” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்ததும், முதலில் வெள்ளைத்தாளில் சோதனைக்கு அடித்ததை எடுத்துப் பார்த்தேன். மேலே முதல் வரி இப்படி இருந்தது: ‘திரு. ஸ்ரீ விநாயகர் துணை அவர்கள், மேட்டுத்தோட்டம், ராசிபுரம் வழி.’

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எம்பேர எழுதக்கூடப் புடிக்காம பிள்ளையாரு பேரப் போட்டு நக்கல் பண்றானான்னு நெனப்பாரு,” என்று மட்டும் சொல்லிவிட்டு கோழிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். ஒரு ஜீப்பைப் பிடித்து மற்றவர்களை எல்லாம் நேரில் அழைத்து முடித்தார்கள். ராசிபுரம் ரோட்டிலும் ஜீப் போனது. மேட்டுத்தோட்டத்து வளைவு வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பிவிட்டது. அப்பாவுக்கு இறங்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனைச் சபித்தேன். அவன் பாவம், அவன் பட்டியலில் பிள்ளையார் இருந்திருக்க மாட்டார்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு என்னை நிறுத்தினார்கள். (தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.) சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தவர்கள் யார் யாரோ. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு ராமசாமி, குப்புசாமி இல்லாமல் இருக்க மாட்டார்கள். போஸ்ட்மேன் பேரைப் பார்த்து அந்தந்த ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்டார். பத்திரிகை வந்தபிறகு போகாமல் இருந்தால் மரியாதையா? வெள்ளைவேட்டியும் குடும்பமுமாகக் கிளம்பி வந்துவிட்டார்கள்.

முன் வரிசையில் சம்பிரமமாக உட்கார்ந்திருந்த சங்ககிரி ராமசாமியிடம் அம்மா மெதுவாக, “தப்பா நெனக்காதீங்க, நீங்க எந்த வழியிலீங்க சொந்தம்?” என்றார்.

“அதத்தானுங்க ஊட்ல எங்கம்மாவக் கேட்டேன். அதுக்கும் ஞாபகம் வரலீங்க. வந்தா நீங்க சொல்லுவீங்கன்னு வந்தோம்,” என்றார் அவர்.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ, “அர்த்தனாரி வந்திருக்காருங்கோ!” என்று குரல் கொடுத்தார்கள். மணமேடைப் பக்கம் இருந்த அப்பா, தோளில் துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடிவந்தார். வாசலில் நின்றது ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு ஆள். எடப்பாடியில் தறி ஓட்டுகிறவராம். அவர் பேரும் அர்த்தனாரி. “வாங்க, வாங்க,” என்று அப்பா கையைக் கூப்பினார். கூப்பிய கை கீழே இறங்க நேரமானது. நான் பன்னீர்ச் செம்பை வைத்துவிட்டு அழ ஓர் இடம் தேடினேன்.

அழ ஆரம்பிப்பதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. முதலில் ஒரு மாலை தெரிந்தது. அப்புறம் துதிக்கை. வெண்கலப் பிள்ளையாரைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியப்பா இறங்கினார்.

அப்பா அசையவில்லை. பெரியப்பா நேராக அவர் முன்னால் வந்து, கவரை எடுத்து நீட்டினார்.

“எம்மகன இங்கிலீசு படிச்சுச் சொல்லச் சொன்னேன். எனக்குப் பத்திரிக்க வெக்கலடா நீயி. இவருக்குத்தான் வெச்சிருக்கற. சரி, சாமி தனியா பஸ்ஸு ஏறி வருமா? அதான் கூட்டிட்டு வந்தேன். எறக்கி உட்டுட்டுப் போயிறட்டுமா, நானும் ஒரு வாய் சாப்புடலாமா?”

“அண்ணா,” என்றார் அப்பா. பிள்ளையாரின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணனும் தம்பியுமாக, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, அவரை மணமேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போதே பெரியப்பா, “அந்தக் கெணத்துல இப்பத் தண்ணி எப்பிடி?” என்று கேட்டார். அன்றைக்கு நான் அழுதேன்தான், ஆனால் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தோடு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் முதல் பத்திரிகை திரு. ஸ்ரீ விநாயகர் துணை அவர்களுக்குத்தான் போகும். அவரும் தவறாமல் வருவார், என் கல்யாணம் உட்பட. எடப்பாடி அர்த்தனாரியும் சங்ககிரி ராமசாமியும்கூட வருவார்கள். எந்த வழியில் சொந்தம் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

பெரியப்பா அந்தச் சீட்டைக் கவரிலிருந்து உரித்துப் பிள்ளையாரின் பீடத்துக்கு அடியில் ஒட்டிவிட்டார். எண்ணெயும் விபூதியும் ஏறிக் கறுத்துப்போய் இன்னமும் அங்கே இருக்கிறது. வீட்டில் எந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போனாலும் பிள்ளையாரைச் சாய்த்து அதைக் காட்டுவார்கள். பெரியப்பா இருந்தவரைக்கும் காட்டியது அவர்தான். காட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

“அத்தன சீட்டு அடிச்சாளே, சரியான ஆளுக்குப் போய்ச் சேந்தது இது ஒண்ணுதான்.”