பெட்டி பிரிக்காத பெரியப்பா

பொம்மை மதிப்பீட்டாளர் என்றோர் இனம் உண்டு. அது ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. காவிரிக்கு இந்தப் பக்கம், பள்ளிபாளையத்தில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, அது மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு நல்ல உடல்நலத்தோடு வாழ்கிறது.

நீங்களும் நானும் ஒரு பொம்மையைக் கையில் வாங்கினால் என்ன செய்வோம்? முகத்தைப் பார்ப்போம். நன்றாக இருக்கிறது என்போம். பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவோம். மதிப்பீட்டாளர் அப்படியல்ல. பொம்மையைப் பார்ப்பதற்கு முன் அது வந்த பெட்டியைப் பார்ப்பார். பெட்டியைப் பார்ப்பதற்கு முன் அதைக் கொண்டுவந்த பையைப் பார்ப்பார். பையைப் பார்த்த பிறகு, எப்படித் தூக்கி வந்தீர்கள், படுக்கவைத்தா நிமிர்த்தியா, வெயிலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று, ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியின் உறவினரை விசாரிப்பதுபோல் உங்களை விசாரிப்பார். அதன் பிறகுதான் கை கழுவுவார்.

சேகரிப்பதற்கென்றே விற்கும் ஃபேஷன் பொம்மையை நீங்கள் கடையில் பார்த்திருக்கலாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், உடுக்கை போல இடுப்பு, எந்நேரமும் யாரோ பணக்காரர் வீட்டு வரவேற்புக்குக் கிளம்பி நிற்கிற உடை. குறிப்பிட்ட எண்ணிக்கைதான் செய்வார்கள். பெட்டியின் பின்னால் இத்தனையாவது பொம்மை என்று எண் போட்டிருக்கும். வாங்குகிறவர்களில் கல்லூரிப் பெண்களும் உண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேரம் பேசும் பெரியவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நாட்டாமையாக உட்கார்ந்திருப்பவர்தான் நம்முடைய ஆள்.

என் தங்கை வித்யாவின் கணவருக்கு அண்ணன் சண்முகவேல் இந்த இனத்தில் ஒரு முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. வயது நாற்பத்தேழு. துண்டு நெய்கிற தறிப்பட்டறை வைத்திருக்கிறார். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், மேலும் கீழுமாக. வீட்டில் ஒரே ஓர் அறைக்குத்தான் ஏ.சி. அதில் அறுபத்து மூன்று பொம்மைகள் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் நிற்கின்றன. விருந்தாளிகள் ஹாலில் படுத்துக்கொள்வார்கள். அறுபத்து மூன்றில் ஒரு பெட்டிகூட இதுவரை பிரிக்கப்பட்டதில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும். பிரிக்காமல் எதற்கு வாங்குவது? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அந்த வீட்டில் இரண்டாம் காப்பி குடித்ததில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூட்டம் கூடும். சேலத்திலிருந்து சோபியா வருவார். கண் மருத்துவமனையில் கண்ணாடி அளவு பார்க்கிறவர், இருபத்திரண்டு பொம்மைகளுக்குச் சொந்தக்காரர். திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு பொறியியல் மாணவிகள் பஸ் பிடித்து வருவார்கள். ஆளுக்கொரு பெட்டி. சண்முகவேல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு டார்ச்சையும், துணியில் இழை எண்ணுவதற்குப் பட்டறையில் வைத்திருக்கும் குட்டிப் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். முதலில் பெட்டியின் எட்டு மூலைகள். பிறகு முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தாளில் கீறல். பிறகு பொம்மையை அட்டையோடு பிணைத்திருக்கும் பன்னிரண்டு சின்னக் கட்டுகள், கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒவ்வொன்று என்று, எல்லாம் கம்பெனி போட்ட முடிச்சுதானா என்று. கடைசியில்தான் முகம். இழைக் கண்ணாடியைத் தாளின்மேல் வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இமைமுடி என்று எண்ணுவார். துண்டுக்கு எண்ணுகிற அதே முறைதான். உதடும் அதற்கேற்ப அசையும்.

எண்ணி முடித்ததும் நிமிர்ந்து, "நல்லாத்தானுங்க இருக்குது," என்பார்.

கூட்டம் மூச்சு விடாது. ஏனென்றால் அடுத்து வரப்போவது எல்லாருக்கும் தெரியும்.

"ஆனா..."

இந்த ஆனாவுக்குப் பிறகு ஒரு வாய் டீ குடிப்பார். அந்த ஒரு வாயில் ஒரு மாணவியின் ஆறு மாதச் சேமிப்பு நடுங்கிக்கொண்டிருக்கும். "எடது புருவம் ஒரு நூல் மேல ஏறிக்கிச்சு பாருங்க. ஒம்பதே காலு." பத்துக்குத்தான் மதிப்பெண். பத்து இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. ஏன் என்று ஒருமுறை நான் கேட்டேன். பத்துப் போட்டுவிட்டால் அப்புறம் இதைவிட நல்லது வந்தால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டார்.

இந்தப் பழக்கம் பொம்மையோடு நிற்பதுமில்லை. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் மணமேடைக்குப் போய் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, பெண்ணின் முகத்தை இரண்டு நொடி உற்றுப் பார்த்து, "எட்டரை," என்று மாப்பிள்ளை காதில் சொல்லிவிட்டு இறங்கினார். மாப்பிள்ளை அதை முகூர்த்தம் முடிகிற நேரம் என்று எடுத்துக்கொண்டதால் பெரிய சேதம் இல்லை.

அவர் மனைவி தமிழ்ச்செல்வி இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். "ஏனுங்க சோபியா," என்று ஆரம்பிப்பார். "எம்மூஞ்சில ரெண்டு புருவம் இருக்குதுன்னு இவருக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

"உன்னைய நான் பெட்டி பிரிச்சுத்தான வாங்குனேன்," என்பார் சண்முகவேல், தலை நிமிராமல். அன்றைக்கு ரசம் கொஞ்சம் உப்பாக இருக்கும்.

இனி, நான் செய்த தவறு.

கவலைப்படுவது என் முழுநேரத் தொழில். நியூசிலாந்தில், ஆக்லாந்தில், பார்க்கும் வேலை அதற்கு அப்புறம்தான். இந்த முறை ஊருக்கு வரும்போது தங்கை மகள் அகல்யாவுக்கு ஒரு பொம்மை வாங்கினேன். அவளுக்கு ஒன்பது வயது. ஓராண்டாக வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊதா நிற கவுன் போட்டது, முடி முழங்கால் வரை தொங்குவது. பெட்டி நசுங்கிவிடுமோ என்று இரண்டு விமானத்திலும் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சுங்கத்தில் என்ன கேட்பார்களோ என்று இரண்டு மொழியிலும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அகல்யா கையை நீட்டிக்கொண்டு ஓடிவர, எனக்குள் இருக்கும் பயந்தாங்கொள்ளி வாயைத் திறந்தான்.

"இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மச்சான். நல்ல ஐட்டம்தானா?"

அவ்வளவுதான். சண்முகவேல் கை கழுவப் போனார்.

நாற்பது நிமிடம் பார்த்தார். அகல்யா நாற்பது நிமிடமும் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றாள். கடைசியில் அவர் கையுறையைக் கழற்றினார்.

"மாப்ள, ஒம்பதே முக்கால். இந்த ஊட்டுக்கு வந்ததுலயே இதாங்க ஒசத்தி."

"அப்ப நான் பிரிக்கட்டுங்களா பெரியப்பா?" என்றாள் அகல்யா.

பக்கத்துத் தறிகூட நின்றதுபோல் எனக்குப் பட்டது; மின்வெட்டாகவும் இருக்கலாம். சண்முகவேல் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மிகவும் அன்பாக, மதிப்பு என்றால் என்ன என்று விளக்கினார். இந்தப் பொம்மை அவளுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவள் பேரை எழுதியே வைத்துவிடலாம், ஆனால் அது பீரோவில் இருக்கும், பதினெட்டு வயதானதும் பிரிப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்துகொள்ளலாம்.

"இன்னும் ஒம்பது வருசம் இருக்குதுங்க பெரியப்பா."

"ஓடிப்போயிரும் சாமி."

என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் பல்லியைத் தேடுவதுபோல் சுவரைப் பார்த்தேன். பெரியவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு அவர் பேச்சை மீறுவது எப்படி? உங்களால் முடியுமென்றால் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை.

அகல்யாவுக்குத் தினமும் பள்ளி விட்டு வந்ததும் பத்து நிமிடம் பார்வை நேரம் ஒதுக்கப்பட்டது. கண்ணாடிக்கு ஒரு கை தள்ளி நிற்க வேண்டும். ஏ.சி. காற்று வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் சம்மணமிட்டு, பெட்டிக்குள் இருந்தவளிடம் வீட்டுப்பாடத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் பெரியப்பாவிடம், "கழுத்துல கட்டிப்போட்டிருக்குதே, அவளுக்கு முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்காதுங்களா?" என்று கேட்டாள். கட்டு இருந்தால்தான் ஒன்பதே முக்கால் என்றார் அவர். எட்டாம் நாள் அவள் பார்வை நேரத்துக்கே போகவில்லை. நான் கிளம்ப இன்னும் நான்கு நாள். அதற்குள் அந்தப் பெட்டி பிரியாவிட்டால் அது பிரியவே போவதில்லை என்று எனக்குத் தெரியும். எப்படிப் பிரிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. சண்முகவேல் ஊதா கவுன்காரியைப் பீரோவிலிருந்து எடுத்து, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மாணவிகள் போட்டோ எடுத்தார்கள். சோபியா பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தார். கண் சோதிக்கிறவர், பொடி எழுத்தையெல்லாம் விடமாட்டார்.

"ஓ, கவுன் சுத்தப் பட்டாம். போட்டிருக்காங்க பாருங்க."

"என்னன்னு?" என்றார் சண்முகவேல்.

"சுத்தமான பட்டு. கையால நெய்ததுன்னு வேற."

சண்முகவேல் பெட்டியை வாங்கினார். பிளாஸ்டிக் தாள் வழியாகக் கவுனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை அங்கே உட்கார்ந்திருந்தவர் பொம்மை மதிப்பீட்டாளர். இப்போது உட்கார்ந்திருந்தவர் தறிக்காரர். நூலைப் பற்றி யார் பொய் சொன்னாலும், எவ்வளவு சின்ன எழுத்தில் சொன்னாலும், அந்த ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

"இதா பட்டு?"

"போட்டிருக்குதுங்க சார்," என்றாள் ஒரு மாணவி.

"போட்டா ஆச்சுங்களா? இந்த மினுக்கு பட்டு மினுக்கா? பட்டுன்னா மடிப்புல இப்பிடி நிக்குமா?"

அடுத்து நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் வரிசையாக யோசித்துச் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளேடு வந்தது. நூல் அறுக்க எப்போதும் வைத்திருப்பது. பெட்டியின் பக்கவாட்டு ஒட்டு ஒரே இழுப்பில் கிழிந்தது. கையுறையைக் கழற்றினார், கையுறையோடு துணி பார்க்கிறவன் உண்டா? கவுனின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஓர் இழையைக் கிளப்பி, சுண்டி இழுத்தார். இழை வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்ததும் அறுத்து, தீப்பெட்டி வாங்கி, பற்றவைத்தார். பட்டென்றால் முடி கருகுகிற வாடை வரும், நசுக்கினால் தூளாகும். இது உருகிச் சுருண்டு, நுனியில் கடுகு போல ஒரு கறுப்பு மணியாக உறைந்தது. அதை எல்லாருக்கும் நீட்டிக் காட்டினார்.

"பாலியஸ்டர்," என்றார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து பார்த்ததில்லை. "நம்மகிட்டயேவா."

தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

"சார்," என்றாள் அந்த மாணவி, மெதுவாக. "பெட்டியத் தொறந்துட்டீங்க சார்."

சண்முகவேல் தன் கையைப் பார்த்தார். கையில் பிளேடு. மடியில் கிழிந்த பெட்டி. ஓரம் முழுக்கச் சுருங்கிப்போய், ஒரு பக்கம் முழங்காலுக்கு ஏறிக்கொண்ட கவுனோடு பொம்மை. கழுத்துக் கட்டுகூட எப்படியோ அறுந்திருந்தது.

வாசலிலிருந்து தமிழ்ச்செல்வி கேட்டார். "இப்ப எத்தனைங்க?"

இந்த இனத்தைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்லியாக வேண்டும். அவர்கள் தங்களுக்கும் சலுகை கொடுக்கமாட்டார்கள். சண்முகவேல் இழைக் கண்ணாடியை எடுத்தார். எட்டு மூலையையும் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். டீ குடிக்கவில்லை.

"மூணு," என்றார். ஐந்துக்குக் கீழே போனால் பீரோவில் இடமில்லை என்பது அவரே எழுதிய சட்டம். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அகல்யா. இங்க வா சாமி."

அவள் வந்து, பழக்கத்தில், ஒரு கை தள்ளி நின்றாள்.

"எடுத்துக்க. இனி இதுக்கு மதிப்பில்ல."

"தொடலாமுங்களா?"

"தொடு சாமி."

தொட்டாள். முதலில் ஒரு விரலால், பிறகு முழுக்கையால். மீதிக் கட்டுகளைப் பல்லாலேயே கடித்து அறுத்தாள். ஐந்து நிமிடத்தில் பொம்மையின் தலை குளியலறை மக்கில் ஷாம்பு நுரைக்குள் இருந்தது. சண்முகவேல் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எழுந்துபோய்ப் பட்டறைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார். "முடியப் போட்டுத் தேய்க்காத. ஒத்தியெடு," என்று சொல்வது கேட்டது.

ஈரத் தலையோடு பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அகல்யா கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள். ஏ.சி. அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"பெரியப்பா, மத்ததெல்லாம் பட்டுத்தானான்னு பாக்கலீங்களா?"

சண்முகவேல் எழுந்துபோய்ப் பீரோவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். ஆனால் நான் கவனித்தேன், பூட்டுவதற்கு முன் கடைசி வரிசையில் ஒரு மஞ்சள் கவுன்காரியை அவர் கொஞ்ச நேரம், தறிக்காரரின் கண்ணால், பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆக்லாந்து திரும்பிவிட்டேன். இந்த இனத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துகொள்ள உங்களுக்கு இது போதும். நீங்கள் பொம்மை சேர்ப்பவர் இல்லை, அதனால் இதில் உங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறீர்கள். சரி. கல்யாணத்துக்கு வந்த அந்தப் பூப்போட்ட டின்னர் செட்டில் நீங்கள் இதுவரை எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறீர்கள்? புது ஃபிரிட்ஜின் கதவில் கம்பெனி ஒட்டிய நீலத் தாள், எத்தனையாவது வருடமாக ஓரம் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது? நல்ல பேனா எங்கே? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல. உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அதனிடம், இந்த வீட்டில் நீ தொடக் கூடாதது என்னென்ன என்று கேட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். பட்டியல் நீளம்.