எக்ஸ் என்கிற கணவன்

என் மனைவியின் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். இன்றைக்கே.

அறுபது வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறாளாம். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வகுப்பு. அவள் அங்கே எக்ஸைத் தேடுகிறாள். நான் இங்கே சர்க்கரை டப்பாவைத் தேடுகிறேன். நேற்று நானே போட்ட டீயில் உப்பு. குடித்தேன். ரோஷம்.

நாற்பது வருடம் மரக்கடையில் அளவு போட்டவன் நான். கட்டையைப் பார்த்தாலே எத்தனை அடி என்று சொல்வேன். எனக்கு அல்ஜீப்ரா எந்த மூலைக்கு?

"இதுக்கு ஒரு வகுப்பா? நானே சொல்லித் தரேன். இன்னியோட நிறுத்து."

"அப்படியா? இந்த வீட்டுப்பாடத்தைப் போடுங்க, பாக்கலாம்."

"போட்டுட்டா?"

"நீங்க போடற விடைப்படியே இந்த வீடு நடக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கண்ணாடியை மாட்டினேன்.

'ஒரு வீட்டில் தினமும் பத்து மணி நேர வேலை இருக்கிறது. கணவன் செய்வதைப்போல் நான்கு மடங்கு மனைவி செய்ய வேண்டும். கணவன் எத்தனை மணி நேரம் செய்ய வேண்டும்?'

"ரெண்டு."

"படிப்படியா எழுதுங்க. வெறும் விடைக்கு டீச்சர் மார்க் போட மாட்டாங்க."

"எக்ஸ் யாரு?"

"கணவன்."

"அந்த ஆளுக்குப் பேரே கிடையாதா?"

"வேலை செஞ்சாத்தானே பேரு?"

முறைத்தேன். எழுதினேன். கணவன் எக்ஸ். மனைவி நாலு எக்ஸ். கூட்டினால் ஐந்து எக்ஸ். அது பத்து. இரண்டு பக்கமும் ஐந்தால் வகுத்தேன். எக்ஸ் இரண்டு.

"நிச்சயமா ரெண்டுதானா? ஒண்ணு வராதா?"

"வராது."

"பாவம், முட்டி வலிக்கிற ஆளா இருந்தா?"

"கணக்குக்கு ஏதுடி முட்டி? ரெண்டுன்னா ரெண்டுதான்!"

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். தேதியோடு. பிறகுதான் கேட்டேன்.

"இது புத்தகத்துல எத்தனாம் பக்கம்?"

"புத்தகத்துல ஏது? சொந்தமா ஒரு கணக்கு எழுதி, வீட்டுல ஒருத்தரைப் போட வைக்கணும். அதான் வீட்டுப்பாடம்."

"உனக்கு விடை தெரியுமா?"

"எழுதும்போதே தெரியும். நான் சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். நோட்டைப் பையில் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"ரெண்டு மணி நேரம். நான் வகுப்பு முடிஞ்சு வர சரியா இருக்கும்."

கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.