கேட்டில் காய்ச்சல் பார்த்த வகையில்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சுகுமாறன் அவர்களுக்கு,

லுக்குட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தங்கள் தங்கை மாதவியின் கணவன் யோகேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. பாரோயில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால், என் மகள் ஷாமினி அம்மாவின் போனை எடுத்து எல்லாவற்றையும் படித்துவிடுகிறாள். விஷயமே அவளைப் பற்றியது.

எங்கள் தமிழ்ப்பள்ளிக்குள் ஃபுளு காய்ச்சல் நுழையாமல் தடுப்பது எப்படி என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூட்டம் போட்டது. தலைவர் என்ற முறையில் நான் எழுந்து, காலையில் கேட்டில் ஒருவர் நின்று பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே மிஷினைப் பிடித்துக் காய்ச்சல் பார்க்க வேண்டும், சூடு கூடினால் அப்படியே வீட்டுக்குத் திருப்ப வேண்டும் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். யார் நிற்பது என்று கேட்டதும் கைதட்டல் நின்றுவிட்டது. திங்கட்கிழமை முதல் நானே நின்றேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து, முழங்கையை மடக்கி அதில்தான் இரும வேண்டும் என்று இருமிக் காட்டினேன். எனக்கும் தொண்டையில் கரகரப்பு இருந்ததால் இருமல் கேட்காமலே வந்தது, விளக்கம் நன்றாக அமைந்தது. விடியற்காலைப் பனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அது எப்போதும் இருப்பதுதான், அதையெல்லாம் நோய்க் கணக்கில் சேர்க்க முடியாது. மாஸ்க் போட்டால் நான் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை, தாடைக்குக் கீழே இறக்கிவிட்டேன்.

புதன்கிழமை வந்தது வினை. ஷாமினி முதலாம் ஆண்டிலிருந்து இந்த ஆறாம் ஆண்டு வரை ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை, அது தங்களுக்கே தெரியும். முழு வருகைக்குப் பரிசு சைக்கிள். அதற்குப் போட்டியாக இருந்தவன் எங்கள் தோட்டத்து ஜார்ஜின் மகன் கிளென் ஒருவன்தான். கேட்டில் முதலில் மாட்டியவனும் அந்தக் கிளென்தான். முப்பத்தெட்டு. திருப்பி அனுப்பினேன். மாலையில் ஜார்ஜ் எங்கள் வாசலில் மோட்டாரை நிறுத்தி, இறங்காமலே, "என்னா யோகு, பிளான் போட்டுத்தான் மிஷின கையில புடிச்சியா லா? என் பையன தொரத்திட்டு ஒன் மவளுக்குச் சைக்கிளா?" என்றார். தோட்டம் முழுக்க அதே பேச்சு.

வெள்ளிக்கிழமை ஷாமினி வரிசையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. மிஷினைப் பிடித்தேன், முப்பத்தெட்டரை. அதைப் பார்த்தவன் நான் மட்டும்தான். "அப்பா, முப்பத்தாறுன்னு சொல்லுங்கப்பா. வருஷமே முடியப் போவுதுப்பா" என்றாள் மெதுவாக. ரோட்டோரத்தில் ஜார்ஜ் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மனசு கேட்கவில்லை, ஆனாலும் சத்தமாக, "முப்பத்தெட்டரை, வீட்டுக்குப் போம்மா" என்றேன். போனாள். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, கோபம் விடவில்லை. "அம்மா, அவங்கள சாப்பிட வரச் சொல்லுங்க" என்று மாதவி வழியாகத்தான் எனக்குச் சோறே.

இதற்குள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். இவ்வளவு காவல் போட்டும் எப்படி நுழைந்தது? கிளென் வீட்டிலிருந்துதான் என்பது என் முடிவு. அடுத்த கூட்டத்தில் ஜார்ஜை முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். தாய்மாமன் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஷாமினியிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். மாதவி கோழிக்கறி ஆக்குகிறாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
யோகேந்திரன்

பின்குறிப்பு: ஜார்ஜைப் பற்றி எழுதியதை அடித்துவிடவும். கடித உறையை ஒட்ட நான் பசை தேடிப் போன நேரத்தில் ஷாமினி இதைப் படித்துவிட்டாள். மிஷினை எடுத்து வந்து என் நெற்றிக்கு நேரே பிடித்தாள். கேட்டில் நின்ற இத்தனை நாளும் என் நெற்றியை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு. "மொதல்ல இருமுனது யாருப்பா?" என்றாள். இனி கேட்டில் ஜார்ஜ் நிற்பார், மிஷினை ஜன்னல் வழியாகக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், ஷாமினி என்னை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள். சாத்தும்போது, "ரெண்டு சைக்கிள் வாங்கணும்பா, கிளெனுக்கும் சேத்து" என்றாள். என்னோடு பேசிவிட்டாள் மச்சான். சிரம்பானில் விலை விசாரித்து வைக்கவும்.