ஆமாம் போட்ட மீசைக்காரர்

“செயின் தொங்குதே” என்றார் பிழைதிருத்துபவர், வெகு கண்டிப்பாக.

வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த மீசைக்காரர் மறுக்கவில்லை. “ஆமாங்க. நானும் பார்த்தேன்.”

பிழைதிருத்துபவருக்குச் சுருக்கென்றது. அறுபது வருடத்துப் பழைய மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். பதினோரு மணிக்கு வரலாம், வண்டி கொட்டகையில் நிற்கும் என்று பதில் வந்திருந்தது. ஆவல் தாங்காமல் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். கொட்டகைக்குள் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த மீசைக்காரர், “வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்” என்று எழுந்து கைகொடுத்தார். அதுவரை எல்லாம் சுமுகம்தான்.

போன வருடம் பிழைதிருத்துபவர் வாங்கி வந்த பழைய வாஷிங் மெஷின், துணி பிழியும்போது நடந்து நடந்து படுக்கையறை வாசல் வரை வந்தது. மெஷின் வாக்கிங் போய்விட்டு வந்தாயிற்றா என்று மச்சான் இன்றுவரை சாப்பாட்டு நேரத்தில் விசாரிக்கிறான். “இந்தத் தடவையும் ஏமாந்து வந்தீங்கன்னா, வண்டியோட நீங்களும் வெளியிலயே நில்லுங்க” என்று மனைவி சொல்லியனுப்பியிருந்தாள். அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒற்றும் புள்ளியும் விடாமல் பிழை பிடிப்பவர், ஒரு வாரம் கண்விழித்துப் படித்துவிட்டு வண்டியில் பிழை பிடிக்க வந்திருந்தார்.

“பின் சக்கரத்துல ரெண்டு கம்பி இல்ல.”

“மூணுங்க” என்று திருத்தினார் மீசைக்காரர். “இன்னொண்ணு இந்தப் பக்கம் மறைஞ்சிருக்கு.”

சைலன்சரில் ஓட்டை என்றார். ஆமாம், விரல் போகிறது என்று விட்டுக்காட்டினார் மீசைக்காரர். சீட்டு புதுசு, வண்டியோடு வந்ததல்ல என்றார். அதுவும் வேறு ஏதோ வண்டியுடையது போலிருக்கிறது என்றார் மீசைக்காரர்.

பிழைதிருத்துபவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? குறை சொன்னால் மறுக்க வேண்டும், சத்தியம் செய்ய வேண்டும். அப்போதுதான் இவர் மடக்க முடியும். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவரை எதைக் கொண்டு மடக்குவது? மீசைக்காரர் அதோடு நிற்காமல் டேங்கைத் தட்டி, அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தானாகவே வேறு எடுத்துக்கொடுத்தார்.

அப்போதுதான் பிழைதிருத்துபவருக்கு உறைத்தது. இவன் என்னைத் துரத்தப் பார்க்கிறான். நைந்த சட்டைக் காலரைப் பார்த்து, வாங்க வக்கில்லாதவன் என்று எடைபோட்டுவிட்டான்.

“ஒட்டு இருந்தா என்னங்க?” என்றார் விறைப்பாக. “அறுபது வயசுல எனக்கும் உங்களுக்கும் ஒட்டு இல்லாம இருக்குமா? இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு.”

மீசைக்காரரின் முகமும் சிவந்தது. “வாயால சொன்னா ஆச்சா? ஓடணும்ல?”

“ஓடும்.”

ஓடவில்லை. பிழைதிருத்துபவர் முப்பது உதை உதைத்தார். மூச்சிரைத்து அவர் ஒதுங்க, மீசைக்காரர் வஞ்சம் தீர்ப்பதுபோல் நாற்பது உதைத்தார். வண்டி ஒருமுறை இருமியதோடு சரி.

“பிளக்கைக் கழட்டிப் பார்க்கலாமா?” என்றார் பிழைதிருத்துபவர்.

“எனக்கென்ன ஆட்சேபனை? தாராளமா.”

அலமாரியிலிருந்து மீசைக்காரரே ஸ்பேனரை எடுத்து நீட்டினார். பிளக்கில் கரி அப்பியிருந்தது. துடைத்து மாட்டியும் பயனில்லை. பெட்ரோல் வரவில்லையோ என்று குழாயைப் பிடுங்கியதில், வராமலிருந்த பெட்ரோலெல்லாம் பிழைதிருத்துபவரின் செருப்பில் வந்தது. அப்படியென்றால் கார்புரேட்டரில்தான் கோளாறு என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்துத் திறந்தபோது, உள்ளிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளிப் பறந்தது. கால் மணி நேரம் இருவரும் நாலுகாலில் தவழ்ந்து தேடினார்கள். அது கிடைக்கவில்லை. எழுந்த வேகத்தில் மீசைக்காரரின் முழங்கை பட்டு ஹெட்லைட் கண்ணாடி உடைந்தது. உருண்ட வளையம் ஒன்றை விரட்டிப் பிடிக்கப்போன பிழைதிருத்துபவர் ஆயில் சட்டியை மிதித்துக் கவிழ்த்தார்.

செய்தித்தாளில் பரப்பிய சாமான்களுக்கு நடுவே இருவரும் கரியும் எண்ணெயுமாக நின்றார்கள்.

“சரி, மாட்டுங்க” என்றார் பிழைதிருத்துபவர்.

“நானா? கழட்டினது நீங்க.”

“கழட்டச் சொன்னது நீங்க. ‘தாராளமா’ன்னு இந்த வாய்தானே சொல்லிச்சு?”

“கேட்டீங்க, சொன்னேன். கேக்குறவருக்குப் புத்தி வேணாமா?”

இப்படியொரு பொறுப்பில்லாத ஆளைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார் பிழைதிருத்துபவர். தான் ஒரே காலையில் பார்த்துவிட்டதாகச் சொன்னார் மீசைக்காரர். இந்த லட்சணத்தில் விளம்பரம் ஒரு கேடா என்று ஒருவர் கேட்க, அதையேதான் தானும் கேட்க நினைத்ததாக மற்றவர் கத்தினார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தாள். நியாயம் சொல்ல ஆள் கிடைத்த நிம்மதியில் பிழைதிருத்துபவர் மீசைக்காரரைச் சுட்டிக்காட்டி, “இந்த மனுஷன் பண்ணின வேலையை நீங்களே பாருங்கம்மா” என்றார். அதே நொடியில் அவரைச் சுட்டிக்காட்டி மீசைக்காரரும் அதையே சொன்னார்.

அவள் தரையைப் பார்த்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பத்து மணிக்கு ஒருத்தரையும் பதினோரு மணிக்கு ஒருத்தரையும் வண்டியைப் பார்க்கத்தானே வரச் சொன்னேன், வாங்க வந்த ரெண்டு பேரும் சேர்ந்து எதுக்குங்க என் வண்டியைப் பிரிச்சுப் போட்டீங்க?”