தீப்பிடித்த கோட்டையிலிருந்து நான்கு பொம்மைகளை வெளியேற்றியது தொடர்பாக

அன்புள்ள மருமகன் எபினேசருக்கு,

கவரைப்பேட்டையிலிருந்து மாமா தானியேல். உனக்கும் உன் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம். மணவாள நகரில் மழை உண்டா, அம்மாவின் முட்டிவலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். இப்போது மணி நாலே கால். உன் மச்சான் ஜெரால்டின் கம்பெனி பஸ் ஐந்தரைக்கு வந்துவிடும். அவனை விளையாட்டில் வைத்துக்கொள்வதா என்று நீ ஆறு மணிக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாய். வாட்ஸாப்பில் அடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் தாளில் எழுதி, உன் அத்தை சாராளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நடந்ததற்கு ஜெரால்ட் பொறுப்பில்லை. கம்பெனியில் தீப்பிடித்ததிலிருந்து நாலு மாதமாக வீட்டில் இருந்த பிள்ளையை இன்றைக்குத்தான் முதல் தடவையாக அரை ஷிப்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த நாலு மாதமும் அவன் எங்களிடம் பேசியது சாப்பாடு போதும், லைட்டை அணை, இவ்வளவுதான். கைக்காயம் ஆறிவிட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் நீ கதை சொல்லி நடத்துகிற விளையாட்டுக்கு உட்கார்ந்தால்தான் அவன் சிரிக்கிற சத்தம் கதவுக்கு வெளியே வரும். அதைக் கேட்பதற்காக நானும் சாராளும் டிவியை அணைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்போம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு என் முன்னால் வந்து நின்று, "நைனா, எனக்குப் பதிலா நீ சும்மா குந்திகினு இரு. எபி எந்தக் கட்டம்னு சொல்றானோ அதுல என் பொம்மைய நவுத்து. வேற எதையும் தொட்டுப் பேஜாரு பண்ணாத" என்றான். நாலு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

உன் மேப்பைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கட்டம் போட்டு, ஒரு கட்டம் ஐந்தடி என்று அளவும் போட்டு, எங்கள் ரோலிங் மில் லேஅவுட் மாதிரியே இருந்தது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ், அதில் பதினெட்டு வருஷம் சேஃப்டி கமிட்டி, லேஅவுட் படிக்க எனக்கா தெரியாது? இவ்வளவு பெரிய பாதாளக் கோட்டைக்கு ஒரே ஒரு வாசல் வைத்திருக்கிறானே, இதற்கு எவன் அப்ரூவல் கொடுத்தான் என்று சாராளிடம் சொன்னேன். மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. உன் கூட்டாளிகள் பானு, பாஸ்கர், திருமலை மூன்று பேருக்கும் கேட்டிருக்கிறது. அப்புறம் ஒரு பள்ளத்தின் மேல் பலகை போட்டு, ஜெரால்டின் பொம்மையை அதில் ஏற்றச் சொன்னாய். இரண்டு பக்கமும் கைப்பிடி இல்லை. நான் ஏற்றவில்லை. சுற்றுவழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்து இருபது நிமிஷத்தைத் தின்றேன், அந்த வழியில் படுத்திருந்த எலும்புக்கூடுகள் வேறு எழுந்துகொண்டன. திருமலை பல்லைக் கடித்தது ஸ்பீக்கரில் கேட்டது. அதுவரைக்கும்கூட எப்படியோ சமாளித்திருக்கலாம்.

பிறகு நீ, டிராகன் வாயைத் திறந்துவிட்டது என்றாய். மேப்பில் தீ. மேலே புகை, அதுவும் அசைகிற புகை. அவன் பொம்மைக்கு நீ அவன் முகத்தையே ஒட்டியிருக்கிறாய், சர்ச் வாலிபர் கூட்டத்தில் எடுத்த போட்டோ. புகைக்கு நடுவில் என் பிள்ளை முகம். நீ பகடை உருட்டச் சொன்னாயாம், என் காதில் விழவில்லை. அன்றைக்கு ஃபேக்டரி கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றேன் எபி, என்னை உள்ளே விடவில்லை. இன்றைக்கு மௌஸ் என் கையில் இருந்தது. இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவனை மட்டும் இழுத்தால் நியாயமா? போனில் ஆடுகிறவர்களுக்கு நகர்த்த வராது என்று எல்லாருடைய பொம்மையையும் நகர்த்துகிற வசதியை அவனுக்குக் கொடுத்திருந்தாய் அல்லவா, அதனால் பானு, பாஸ்கர், திருமலை மூவரையும் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, கோட்டைக் கதவைப் பூட்டி, எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று மைக்கில் அறிவித்தேன். ஒன்பது ஞாயிறாக நீங்கள் தேடிப் போன மணிமுடி டிராகனோடு உள்ளே மாட்டிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? நகர்த்தினது நகர்த்தினதுதான் என்று நீயும் கையை விரித்துவிட்டாய். பாஸ்கர் லைனைத் துண்டித்தான். இனிமேல் ஜெரால்ட் வேண்டாம் என்று, அவனைச் சேர்க்காத குரூப்பில் திருமலை போட, பானு அதற்குக் கட்டைவிரல் காட்டினாளாம், நீதான் சொன்னாய்.

எபி, கோபம் இருந்தால் என்னைத் திட்டு. வேண்டுமானால் நாலு பேரையும் திரும்ப அந்தத் தீக்குள்ளேயே வை, நான் வாயைத் திறக்க மாட்டேன். அவன் பெயரை மட்டும் எடுத்துவிடாதே. எடுத்தால் இந்த வீட்டில் மறுபடியும் ஃபேன் சத்தம் மட்டும்தான், எனக்குப் பயமாக இருக்கிறது. இனி ஆயுசுக்கும் அந்த மௌஸைத் தொட மாட்டேன். நடந்ததை அவனிடம் சொல்லவும் வேண்டாம்.

உன் வீட்டையும் உன் கோட்டையையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
மாமா தானியேல்

பின்குறிப்பு: சாராள் போட்டோ எடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜெரால்ட் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனான். மைதானத்தில் நிற்கிற நாலு பேரையும் ரொம்ப நேரம் பார்த்தான். யார் வெளியே கொண்டுவந்தது என்று கேட்டான். நான்தான் என்றேன். ஏன் என்றான். தீ என்றேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு ஃபேக்டரிக்குள் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். இப்போது மணி ஏழு. நீ என்ன முடிவு சொன்னாய் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. நைனா செய்ததுதான் சரி என்று போனில் திருமலையிடம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறான். போன் போடுவதற்கு முன்னால் என்னிடம் சொன்னான்: "அடுத்த வாரம் மறுபடியும் உள்ள போறேன் நைனா. நீ வாசல்ல நில்லு. நீ கூப்ட்டா வந்துட்றேன்." ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பு எல்லாம் ரத்து. எனக்கும் ஒரு பொம்மை போட்டு வை. என் முகமே இருக்கட்டும், தலையில் ஹெல்மெட்டோடு.