மூன்றாம் எண் கூண்டும் அக்காவின் கத்தரிச் செடிகளும்

செல்போன் வைத்திருக்கிற எவனும் மழை சொல்லலாம் என்று ஆகிவிட்ட பிறகு நான் மட்டும் சும்மா இருப்பேனா? தூத்துக்குடி துறைமுகத்தில், ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்குக் கிளார்க் வேலை. எந்தக் கப்பல் எப்போது வரும் என்று சொல்வதுதான் என் திறமை. (அதிலும் பாதி கப்பல்கள் என்னை மதிப்பதில்லை.)

கப்பல் வேலைக்குப் போன அத்தான், போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து, பிழைத்து வந்தார். அதற்காக அக்கா ஒரு நேர்ச்சை செய்திருந்தாள். தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள தன் நிலத்தில் கத்தரி போட்டு, முதல் பறிப்பு முழுவதையும் ஆலந்தலைத் தேவாலயத் திருவிழாவில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குக் கொடுப்பது என்று.

யாரும் கேட்காமலேயே நான் ஆலோசகர் ஆனேன். செல்போனில் வானிலைச் செயலிகளை இறக்கினேன். மழை வருமென்றால் பாசனத்தை நிறுத்து, லேசான மழைக்கு முன்னால் யூரியா போடு, மழையே அதைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோகும் என்று எங்கோ படித்ததை அக்காவிடம் ஒப்பித்தேன்.

செடிகள் பூத்திருந்த சமயம், துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். செயலியிலும் மழை மேகம். அலுவலகத்திலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன்.

"யூரியாவ இன்னைக்கே போட்டுரு, அக்கா. மோட்டார் போடாத, மழை வருது."

"ஏலே, வானம் வெளுத்துல்லா கெடக்கு."

"கூண்டே ஏத்திட்டாங்க. ஒனக்கு வானம் பெருசா, கூண்டு பெருசா?"

"சரிலே. அங்கன வேல பாக்குதவன் நீ, ஒனக்குத் தெரியாதா" என்றாள். அவள் அப்படி நம்பியதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

மழை வரவில்லை. செயலி 'நாளை' என்றது. மறுநாளும் 'நாளை' என்றது. மோட்டாரைப் போடட்டுமா என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "பொறுக்கா, வார மழைய வீணாக்காத" என்றேன். கூண்டு ஏற்றுவது கப்பல்காரனுக்கும் மீன்பிடிக்கப் போகிறவனுக்கும் காற்றைச் சொல்லத்தான். அக்காவின் வயலில் மழை பெய்யும் என்று அது ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை. தினமும் அதன் கீழேயே நடந்து வேலைக்குப் போகிற எனக்கு இது உறைக்கவில்லை. புயல் வேறு பக்கம் போய்விட்டது. காற்று மட்டும் வந்து, மண்ணில் மிச்சமிருந்த ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வயலுக்குப் போனேன். தண்ணீர் காணாத மண்ணில் உரம் போட்டதால் செடிகள் இலையெல்லாம் கருகி, பூ உதிர்ந்து நின்றன. அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாமிக்கு நான் என்னத்தல கொடுப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தான் வரப்பில் நின்றபடி, "நான் பொழச்சு வந்ததுதான் தப்பு போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அசனத்துக்குச் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்தான் போனது. அக்கா பந்தியில் உட்காரவில்லை.

இப்போதெல்லாம் டிவியில் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் அத்தான் உடனே செருப்பைத் தேடுவார். "ஏளா, கூண்டு ஏத்திட்டானாம். நான் போயி தண்ணி பாய்ச்சிட்டு வாரேன்." வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். அத்தானுக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட, அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.