கடையை அகற்றிக் கொடுத்த கதை

மதிவதனி மனுக் கொடுத்த எட்டாம் நாள் ஒயின்ஷாப்புக்கு ஜேசிபி வந்தது. அடி அண்ணாமலை ஊர்ப் பெண்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் கடையின் பக்கச் சுவர் இடிந்து, பத்தடி தள்ளிப் புதுச் சுவருக்கு அஸ்திவாரமும் தோண்டியாகிவிட்டது.

"இடிக்க வந்தீங்களா, கட்ட வந்தீங்களா?" என்று மதிவதனி மேஸ்திரியைக் கேட்டாள்.

மேஸ்திரி உத்தரவைக் காட்டினார். 'மனுதாரர் கோரியபடி கடையை அகற்றித் தரலாம்' என்று இருந்தது. அகற்றுவது என்றால் அகலமாக்குவது என்றும் அகராதியில் ஒரு பொருள் இருக்கிறதாம். அரசாங்கத்துக்கு நல்ல தமிழில் எழுதினால் இதுதான் கதி.

குடிக்கிறவர்களைத் திருத்தும் ஆசையெல்லாம் மதிவதனிக்கு இல்லை. மகள் வினோதினி பிளஸ் டூ படிக்கிறாள். அந்தக் கடையைத் தாண்டித்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகவேண்டும். ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்த நாளிலிருந்து, படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மோர் விற்று மதிவதனி படிக்க வைத்த பெண்.

அடுத்த திங்கட்கிழமை, சந்தேகத்துக்கே இடமில்லாமல் 'கடையை மூடித் தர வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தாள். பத்து நாளில் தகரம் வந்து இறங்கியது. கடையின் முன்பக்கம் முழுக்கக் கூரை போட்டு மூடிக் கொடுத்துவிட்டார்கள். மழைக்குக் கலைந்து போய்க்கொண்டிருந்த கூட்டம், இப்போது மழைக்கென்றே அங்கே ஒதுங்கியது.

மூன்றாவது மனுவில் 'அந்தக் கடை எங்கள் பிள்ளைகளின் கண்ணில் படவே கூடாது' என்று எழுதி, ஊர்ப் பெண்கள் அறுபது பேரின் கையெழுத்தையும் போன் நம்பரையும் சேர்த்தாள். கடையைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள். உள்ளே இருப்பது யாரென்று தெரியாததால், கௌரவம் பார்த்து டவுனுக்குப் போய்க் குடித்தவர்களும் உள்ளூரிலேயே குடிக்க ஆரம்பித்தார்கள். துணிக்கு நட்ட கம்பங்கள் பாதி ரோட்டை அடைத்தன. வினோதினி சைக்கிளைத் துடைத்து வீட்டுக்குள் நிறுத்திவிட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சு என்று பக்கத்து வீட்டுப் பொன்னி சிரித்தாள். மதிவதனி சிரிக்கவில்லை. மறு திங்கட்கிழமை மனுவே எழுதாமல், பொன்னியோடு இன்னும் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், மனு வாங்கும் அதிகாரியின் அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி முதலில் பொறுமையாகத்தான் விளக்கினார். மூன்று மனுக்களின் மீதும் நடவடிக்கை எடுத்தாயிற்று. கடை வைப்பது கொள்கை முடிவு, அதையெல்லாம் கேள்வி கேட்க முடியாது என்றார்.

"ஏன் சார் கேக்க முடியாது? எங்க தெருவுக்கு லைட்டு கேட்டு நாலு வருஷம் ஆச்சு, வரல. கடை மட்டும் கேக்காமலே வந்துச்சு. எந்தப் பொம்பளையைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கம்மா."

"எழுதினதைத்தான் மூணு வாட்டி பார்த்துட்டமே. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும். கடையைச் சாத்தற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்."

அதிகாரி மணியை அழுத்தினார். அலுவலக உதவியாளர் ராஜமாணிக்கம் வந்து நின்றார்.

"அடி அண்ணாமலைப் பொம்பளைங்களை ஒருத்தர் விடாம கிளப்புய்யா."

ராஜமாணிக்கம் தரையில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். மேசைமேல் கிடந்த மூன்றாவது மனுவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் போனில் பேசுவது கேட்டது. போலீஸைத்தான் கூப்பிடுகிறார் என்று அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். மதிவதனியும் அப்படித்தான் நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. பொன்னியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாளே தவிர, எழுந்திருக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து ராஜமாணிக்கம் திரும்பி வந்து, மனுவைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார்.

"நீங்க சொன்னபடியே ஒருத்தர் விடாம கிளப்பிட்டேன் சார், ஊர்ல இருந்தவங்க எல்லாரும் ரெண்டு டிராக்டர்ல வந்துட்டிருக்காங்க."